கன்ஃபிக் அழிந்த பழைய ஸ்விட்ச்சை மீட்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலுவலகங்கள் கழித்துவிட்ட நெட்வொர்க் ஸ்விட்ச்சுகளும் ரவுட்டர்களும் சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் செகண்ட் ஹேண்டாகக் கிடைக்கின்றன. விற்கும் முன் யாரோ கன்ஃபிக்கை, அதாவது பெட்டிக்குச் செய்து வைத்த அமைப்புகளை, அழித்திருப்பார்கள். அவசரத்தில் சில சமயம் அழிக்கக் கூடாததையும் சேர்த்து அழித்திருப்பார்கள். வாங்கி வந்தவர் வீட்டில் கரண்ட் கொடுத்துப் பார்த்தால் ஃபேன் சுற்றும், லைட் எரியும், ஆனால் பெட்டியிடமிருந்து பேச்சே இருக்காது. "காசு போச்சா?" என்று கேட்டு வரும் மாணவர்களுக்கும் சின்ன அலுவலகக்காரர்களுக்கும் நான் திரும்பத் திரும்பச் சொல்லும் பதில்களைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

அதிகம் கையில் சிக்குவது சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960 என்பதால் பேச்சும் பெரும்பாலும் அதைப் பற்றித்தான். கட்டளைகளைப் படிக்கும் ஒலியில் தமிழில் எழுதியிருக்கிறேன். திரையில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

கன்ஃபிக் போய்விட்டது என்றால் பெட்டி செத்துப்போனதாக அர்த்தமா?

இல்லவே இல்லை. இதை முதலில் மனதில் போட்டுக்கொண்டால் பாதி பயம் போய்விடும். ஒரு ஸ்விட்ச்சுக்குள் தனித்தனியாக நான்கு சமாச்சாரங்கள் இருக்கின்றன. கன்ஃபிக் கோப்பு ஒன்று. வீலான்களின் (ஒரே ஸ்விட்ச்சுக்குள் பிரித்து வைக்கும் தனித்தனி நெட்வொர்க்குகளின்) பட்டியல் இன்னொன்று, அது தனிக் கோப்பு. மூன்றாவது ஐஓஎஸ், அதாவது பெட்டியின் இயங்குதளம். நான்காவது பூட்லோடர். கரண்ட் வந்ததும் முதலில் விழித்து ஐஓஎஸ்ஸைத் தேடி எழுப்புகிற குட்டி நிரல் அது.

கன்ஃபிக் மட்டும் போயிருந்தால் அது நல்ல செய்தி. பெட்டி புதிதாக டப்பாவிலிருந்து எடுத்த நிலையில் இருக்கிறது, உங்களுக்கு வேலையே இல்லை. ஐஓஎஸ்ஸும் போயிருந்தால் ஒரு சாயங்காலம் செலவாகும். பூட்லோடரே போயிருந்தால்தான் வீட்டில் வைத்துச் சரிசெய்ய முடியாது. இத்தனை வருஷத்தில் அந்த நிலையில் என்னிடம் வந்தவை மிகக் குறைவு. "செத்துப்போச்சு" என்று காயலாங்கடைக்குப் போக இருந்த பெட்டிகளில் பெரும்பாலானவை முதல் இரண்டு வகைதான்.

ஆகவே கையில் எடுத்ததும் கேட்க வேண்டிய கேள்வி, எது அழிந்திருக்கிறது என்பதுதான். அதைச் சொல்லக்கூடிய ஒரே வாய், லேப்டாப்பிலிருந்து பெட்டியோடு நேராகப் பேச உதவும் கன்சோல் போர்ட்.

கன்சோல் போர்ட்டில் இணைக்க என்ன வேண்டும்?

வெளிர்நீல நிறத்தில் தட்டையாக ஒரு கேபிள், ஒரு முனையில் நெட்வொர்க் கேபிளில் இருக்கிற மாதிரி ஆர்ஜே45 தலை. அதுதான் கன்சோல் கேபிள். பார்க்க ஈதர்நெட் தலை மாதிரி இருந்தாலும் உள்ளே ஓடுவது பழைய சீரியல் சிக்னல். கம்பிகள் ஒரு முனையில் 1, 2, 3 என்று போனால் மறுமுனையில் 8, 7, 6 என்று திரும்பி வரும். அதனால்தான் ரோல்ஓவர் என்ற பெயர். சாதாரண லேன் கேபிளை கன்சோலில் செருகிவிட்டு லேப்டாப்பில் காத்திருந்தால் ஒன்றும் வராது.

மறுமுனை பழைய கம்ப்யூட்டர்களின் ஒன்பது பின் சீரியல் தலையாக இருந்தால் யுஎஸ்பி மாற்றி ஒன்று வேண்டும். கேபிளுக்குள்ளேயே மாற்றி வைத்து, நேராக யுஎஸ்பியில் செருகுகிற மாதிரியும் விற்கிறார்கள். அதையே வாங்குங்கள், ஒரு இணைப்பு குறையும். உள்ளே இருக்கும் சிப் எஃப்டிடிஐ என்றால் நிம்மதி. சிபி2102, சிஎச்340 இரண்டும் பரவாயில்லை. பழைய புரொலிஃபிக் பிஎல்2303 சிப்பைப் புதிய விண்டோஸ் டிரைவர் ஏற்றுக்கொள்ளாது. கேபிள் நன்றாக இருந்தும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் தெரிகிறது என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பெட்டி பேசுவதைத் திரையில் காட்டும் டெர்மினல் மென்பொருளுக்கு விண்டோஸில் டெரா டெர்ம், லினக்ஸில் மினிகாம். புட்டி எல்லோருக்கும் பழக்கமானது, ஆனால் அதில் எக்ஸ்மோடம், அதாவது கன்சோல் கேபிள் வழியாகவே கோப்பு அனுப்பும் வசதி கிடையாது. அந்தத் தேவை பின்னால் வரும் என்பதால் முதலிலேயே டெரா டெர்மைப் போட்டுவிடுங்கள்.

எல்லாம் மாட்டியும் திரை காலியாக இருக்கிறது. அல்லது குப்பை எழுத்து வருகிறது.

குப்பை எழுத்து வந்தால் சந்தோஷப்படுங்கள், கேபிள் வேலை செய்கிறது. வேகம்தான் பொருந்தவில்லை. சிஸ்கோவுக்கு வழக்கமான வேகம் 9600, டேட்டா பிட் 8, பேரிட்டி இல்லை, ஸ்டாப் பிட் 1. அதில் சரியாக வராவிட்டால் 115200 வைத்துப் பாருங்கள். முன்னால் யாரோ கோப்பு ஏற்றுவதற்காக வேகத்தைக் கூட்டிவிட்டுத் திரும்பக் குறைக்காமல் விட்டிருக்கலாம்.

எழுத்து தெரிகிறது, ஆனால் நீங்கள் அடிப்பது போகவில்லை என்றால் ஃப்ளோ கன்ட்ரோலைப் பாருங்கள். அதை "நன்" என்று வைக்க வேண்டும். இந்த ஒரு இடத்தில் தடுக்கி, போர்ட் போய்விட்டது என்று முடிவு கட்டி, பெட்டியைத் திருப்பிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

திரை முழுக்கக் காலி என்றால் பெட்டியை ஆஃப் செய்து, டெர்மினலைத் திறந்து வைத்துக்கொண்டு, பிறகு ஆன் செய்யுங்கள். கன்சோல் வழி சரியாக இருந்தால் சில நொடிகளில் பூட்லோடர் தன் பதிப்பு எண்ணைச் சொல்லியே தீரும்.

"இனிஷியல் கன்ஃபிகரேஷன் டயலாக்" வேண்டுமா என்று கேட்கிறது. என்ன சொல்ல?

நோ. இந்த வரி வந்தாலே கன்ஃபிக் காலி, ஐஓஎஸ் நலம் என்று அர்த்தம். என்டர் தட்டி "ஸ்விட்ச்" என்ற பெயருக்குப் பக்கத்தில் பெரிதின் குறி வந்ததும் "எனேபிள்" அடித்தால் பாஸ்வேர்ட் கேட்காமலே உள்ளே விடும். எல்லா போர்ட்டும் வீலான் 1இல் இருக்கும். லேப்டாப்பைச் செருகினால் சாதாரண ஸ்விட்ச்சாக அப்போதே ஓடும்.

அழித்துவிட்டோம் என்று சொல்லித்தான் விற்றார்கள். ஆனால் பாஸ்வேர்ட் கேட்கிறதே?

அழிக்கவில்லை, அவ்வளவுதான். பாஸ்வேர்டைத் தேடிக் கடைக்காரரிடம் போக வேண்டாம், அவருக்கும் தெரிந்திருக்காது. 2960இன் முன்பக்கம் இடது ஓரத்தில் "மோட்" என்று ஒரு சின்னப் பட்டன் இருக்கிறது. சாவி அதுதான்.

எளிய வழி முதலில். பெட்டி முழுசாக ஓடிக்கொண்டிருக்கும்போது மோட் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். இரண்டு மூன்று நொடியில் லைட்டுகள் மின்ன ஆரம்பிக்கும். விடாதீர்கள். மொத்தம் பத்து நொடி போல ஆனதும் மின்னுவது நின்று, கன்ஃபிக்கை அழித்துக்கொண்டு பெட்டி தானாக மறுபடி எழும்.

இந்த வசதியை முன்னாள் நிர்வாகி அணைத்து வைத்திருந்தால் இரண்டாவது வழி. பவர் கேபிளைப் பிடுங்குங்கள். 2960இல் பவர் ஸ்விட்ச் கிடையாது, கேபிளைத்தான் பிடுங்க வேண்டும். ஒரு கையால் மோட் பட்டனை அழுத்திக்கொண்டு மறுகையால் கேபிளைச் செருகுங்கள். சிஸ்ட் என்று எழுதிய லைட் பச்சையில் மின்னும். பட்டனிலிருந்து விரலை எடுக்காதீர்கள். அந்த லைட் ஒரு கணம் ஆரஞ்சாக மாறி, அப்புறம் நிலையான பச்சைக்கு வரும். அப்போது விடுங்கள். கன்சோலில், ஃபிளாஷைத் தொடங்கும் முன்பே நிறுத்தப்பட்டதாக ஒரு செய்தியும், கீழே "ஸ்விட்ச்" என்ற சொல்லும் ஒரு முக்காற்புள்ளியும் வந்து நிற்கும். பெட்டியில் தனியாகச் செய்பவருக்கு முதல் தடவை விரல் நழுவும், இரண்டாவது தடவை வந்துவிடும்.

அங்கே "ஃபிளாஷ்_இனிட்" அடித்தால் ஃபிளாஷ் நினைவகம் திறக்கும். "டிர் ஃபிளாஷ்:" அடித்து என்னென்ன கோப்பு இருக்கிறது என்று பாருங்கள். கன்ஃபிக்.டெக்ஸ்ட் என்பதுதான் பழைய அமைப்பு. வீலான்.டேட் என்பது வீலான் பட்டியல். இரண்டையும் "டெலீட்" கட்டளையால் நீக்கிவிட்டு "பூட்" அடியுங்கள்.

பாஸ்வேர்ட் மீட்பையே முடக்கி வைத்த பெட்டியாக இருந்தால் இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும், எல்லாவற்றையும் ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோகட்டுமா என்று. யெஸ் சொல்லுங்கள். பழைய அமைப்பைக் காப்பாற்ற வேண்டியவருக்குத்தான் அது நஷ்டம். நமக்குத் தேவையானதே அதுதான்.

ரவுட்டருக்கும் மோட் பட்டன் உண்டா?

சிஸ்கோ ரவுட்டருக்குக் கதை வேறு. அங்கே கன்ஃபிக் இருப்பது என்விராம் என்ற தனி நினைவகத்தில். ஆன் செய்த முதல் அறுபது நொடிக்குள் டெர்மினலிலிருந்து பிரேக் சிக்னல் அனுப்பினால் ராமான் என்ற நிலைக்குப் போகும். அங்கே கன்ஃபிக் ரெஜிஸ்டரை 0எக்ஸ்2142 என்று வைத்து, "ரீசெட்" அடித்தால் பழைய கன்ஃபிக்கைப் படிக்காமலே எழும். வழக்கமான 2102க்கும் இதற்கும் வித்தியாசம் ஒரே ஒரு பிட்தான், என்விராமைக் கண்டுகொள்ளாதே என்று சொல்லும் பிட்.

வேலை முடிந்ததும் 0எக்ஸ்2102க்குத் திருப்பி வைக்க மறந்தால், நீங்கள் உட்கார்ந்து செய்த அமைப்பு ஒவ்வொரு தடவை கரண்ட் போய் வரும்போதும் காணாமல் போகும். "சேவ் செய்தும் நிற்கவில்லை" என்று யாராவது ரவுட்டரைக் கொண்டுவந்தால் நான் முதலில் "ஷோ வெர்ஷன்" அடித்துக் கடைசி வரியைத்தான் பார்ப்பேன். இன்னொன்று, ரவுட்டரின் போர்ட்டுகள் தாமாகத் திறக்காது. ஒவ்வொன்றுக்கும் "நோ ஷட்டவுன்" கொடுக்க வேண்டும்.

நான் பட்டனைத் தொடவே இல்லை. ஆன் செய்தாலே "ஸ்விட்ச்:" என்று வந்து நின்றுவிடுகிறது.

ஐஓஎஸ் கோப்பு அழிந்திருக்கிறது, அல்லது இருந்தும் பெட்டிக்கு அதன் பெயர் தெரியவில்லை. "ஃபிளாஷ்_இனிட்", பிறகு "டிர் ஃபிளாஷ்:". பட்டியலில் "சி2960" என்று தொடங்கி ".பின்" என்று முடியும் பெரிய கோப்பு இருந்தால் "பூட் ஃபிளாஷ்:" போட்டு அந்தப் பெயரை எழுத்துப் பிசகாமல் அடியுங்கள். கோப்பு ஒரு கோப்புறைக்குள் ஒளிந்திருக்கலாம், உள்ளேயும் பாருங்கள். எழுந்துவிட்டால் "பூட் சிஸ்டம்" கட்டளையால் அந்தப் பெயரை நிரந்தரமாக்குங்கள்.

கோப்பே இல்லை என்றால் கன்சோல் கேபிள் வழியாகத்தான் ஏற்ற வேண்டும். இந்த நிலையில் 2960இன் நெட்வொர்க் போர்ட்டுகள் வேலைக்கு வராது. முறையின் பெயர் எக்ஸ்மோடம். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 9600 வேகத்தில் ஒரு நொடிக்கு 960 பைட்தான் போகும். ஐஓஎஸ் கோப்பு பத்துப் பன்னிரண்டு எம்பி இருக்கும். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகையால் முதலில் "செட் பாட் 115200" அடியுங்கள், பாட் என்ற சொல்லைப் பெரிய எழுத்தில். அடித்த கணமே திரையில் குப்பை வரும். பயப்பட வேண்டாம், டெர்மினலின் வேகத்தையும் 115200க்கு மாற்றினால் தெளிந்துவிடும். இனி அதே கோப்பு பன்னிரண்டில் ஒரு பங்கு நேரத்தில் ஏறும்.

"காப்பி எக்ஸ்மோடம்: ஃபிளாஷ்:" போட்டுக் கோப்புப் பெயரைச் சேர்த்து என்டர் தட்டினால் பெட்டி காத்திருக்கும். டெரா டெர்மில் கோப்பு அனுப்பும் மெனுவில் எக்ஸ்மோடத்தைத் தேர்ந்தெடுங்கள், 1கே தேர்வு இருந்தால் அதையே வையுங்கள். எண்ணிக்கை ஓட ஆரம்பித்ததும் கையை எடுத்துவிடுங்கள்.

இங்கே என் அனுபவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு கல்லூரி மாணவியின் 2960க்கு 9600 வேகத்திலேயே ஏற்றிக்கொண்டிருந்தேன், வேகத்தைக் கூட்டலாம் என்று அப்போது எனக்குத் தெரியாது. இரண்டே முக்கால் மணி நேரம் ஓடியிருந்தது. கரண்ட் போனது. லேப்டாப் பேட்டரியில் ஓடியது, ஸ்விட்ச் அணைந்தது, முதலிலிருந்து ஆரம்பம். அந்தப் பெண் மூன்று நாளாகத் தேர்வுக்குப் பயிற்சி செய்ய முடியாமல் காத்திருந்தாள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்ததிலிருந்து, ஐஓஎஸ் ஏற்றும் எந்தப் பெட்டியையும் யுபிஎஸ் இல்லாமல் ஆன் செய்வதில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

ஏறி முடிந்து, பெட்டி எழுவதையும் பார்த்துவிட்டீர்களா? சரி, வேகத்தை 9600க்குத் திருப்பி வையுங்கள். பூட்லோடரில் "அன்செட் பாட்" போதும். மறந்தால் அடுத்த ஆளுக்குப் பெட்டி ஊமையாகத் தெரியும்.

ஃபிளாஷில் இடம் போதவில்லை என்கிறது. ஃபார்மேட் செய்துவிடலாமா?

வேண்டாம். முதல் தலைமுறை 2960இல் ஃபிளாஷ் 32 எம்பிதான். பெரும்பாலும் எச்டிஎம்எல் என்ற கோப்புறைதான் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். பிரவுசர் வழியாக நிர்வகிப்பதற்கான பக்கங்கள் அவை, நீக்கினாலும் ஸ்விட்ச் ஓடும். அதை எடுத்தாலே இடம் கிடைக்கும். புது ஐஓஎஸ் கோப்பு கையில் இருப்பதை உறுதி செய்யாமல் பழையதை நீக்காதீர்கள்.

ஐஓஎஸ் கோப்புக்கு எங்கே போவது?

இதில் நான் கொஞ்சம் கண்டிப்பு. சிஸ்கோவின் ஐஓஎஸ் காசு கொடுத்த உரிமத்துக்கு உட்பட்டது. செகண்ட் ஹேண்ட் பெட்டியோடு அந்த உரிமம் தானாகக் கைமாறுவதில்லை என்பது அவர்கள் நிலை. முறையான வழி, சர்வீஸ் ஒப்பந்தம் உள்ள கணக்கிலிருந்து இறக்குவது. அது தவிர, பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் பதிப்புகளை ஒப்பந்தம் இல்லாதவர்களும் சிஸ்கோவின் தொழில்நுட்ப உதவி மையத்தில் கேட்டுப் பெற வழி வைத்திருக்கிறார்கள். பெட்டியின் சீரியல் எண்ணையும் அந்த ஓட்டை பற்றிய அறிவிப்பின் முகவரியையும் கொடுத்துக் கேட்க வேண்டும்.

எங்கோ ஒரு கோப்புப் பகிர்வுத் தளத்தில் கிடைத்ததை ஏற்றாதீர்கள். ஸ்விட்ச் என்பது உங்கள் வீட்டுப் போக்குவரத்து எல்லாம் கடந்து போகும் வாசல். அதன் மூளையை முகம் தெரியாதவரிடமிருந்து வாங்கக் கூடாது. எப்படிக் கிடைத்த கோப்பாக இருந்தாலும், ஐஓஎஸ் எழுந்ததும் "வெரிஃபை" கட்டளையை எம்டி5 (கோப்பின் கைரேகை மாதிரி ஒரு எண்) தேர்வோடு ஓட்டி, வரும் எண்ணை சிஸ்கோ வெளியிட்ட எண்ணோடு ஒப்பிடுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் அந்தக் கோப்பு வேண்டாம்.

எல்லாவற்றையும் அழித்த பிறகும் போர்ட் எண்கள் 3 என்று தொடங்குகின்றன. ஏன்?

2960-எஸ், 2960-எக்ஸ், 3750 போன்றவை பல பெட்டிகளை ஒன்றாகக் கோத்து ஒரே ஸ்விட்ச்சாக ஓட்டக்கூடியவை. உங்கள் பெட்டி முன்பு அப்படி ஒரு கோர்வையில் மூன்றாவதாக இருந்திருக்கிறது. அந்த எண் கன்ஃபிக்கில் இல்லை, அதனால் கன்ஃபிக்கை அழித்தாலும் போகாது. "ஸ்விட்ச் 3 ரீநம்பர் 1" கொடுத்து ரீலோட் செய்தால் சரியாகிவிடும். எஸ்டிஎம் டெம்ப்ளேட் என்ற நினைவகப் பங்கீடும் இதே மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். ஐபிவி6 கட்டளைகள் கிடைக்கவில்லை என்றால் "ஷோ எஸ்டிஎம் பிரிஃபர்" அடித்துப் பாருங்கள்.

ஒட்டிக்கொண்டிருப்பவற்றில் உண்மையிலேயே ஆபத்தானது வீலான்.டேட். "ரைட் இரேஸ்" அடித்தால் கன்ஃபிக் மட்டும்தான் போகும், அந்தக் கோப்பு அப்படியே இருக்கும். அதற்குள் விடிபி என்ற ஏற்பாட்டின் டொமைன் பெயரும் திருத்த எண்ணும் இருக்கின்றன. ஸ்விட்ச்சுகள் தங்களுக்குள் வீலான் பட்டியலைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது, யாரிடம் திருத்த எண் பெரிதோ அவர் பட்டியல்தான் செல்லும். பழைய பெட்டியை அதே டொமைன் பெயருள்ள நெட்வொர்க்கில் டிரங்காக (எல்லா வீலான்களையும் சுமக்கும் இணைப்பாக) செருகினால், அதன் எண் பெரிதாக இருக்கும் பட்சத்தில், ஓடிக்கொண்டிருக்கும் ஸ்விட்ச்சுகள் எல்லாம் தங்கள் வீலான்களைக் கைவிட்டு இதன் பட்டியலை எடுத்துக்கொள்ளும். ஒரு அலுவலகத்தில் லேப் வேலைக்கு எடுத்துப்போன ஸ்விட்ச்சை உபரியாகத் திரும்ப ரேக்கில் மாட்டினார்கள். ஒரு நிமிஷத்தில் மூன்று மாடியிலும் போன் முதல் பிரிண்டர் வரை நின்றன. பெட்டியில் ஒரு குறையும் இல்லை.

எனவே வீலான்.டேட்டை நீக்குங்கள், கூடவே "விடிபி மோட் டிரான்ஸ்பரன்ட்" கொடுங்கள். திருத்த எண் பூஜ்ஜியமாகிவிடும்.

உள்ளே பழைய கம்பெனியின் கன்ஃபிக் முழுசாக இருக்கிறது. படித்துப் பார்க்கலாமா?

படிக்காதீர்கள். வாடகைக்குப் போன வீட்டில் முன்பு இருந்தவர் விட்டுப்போன கடிதக்கட்டு மாதிரி அது. ஐபி முகவரிகள், விபிஎன் சாவிகள், பாஸ்வேர்டுகள் எல்லாம் இருக்கும். 7ஆம் வகை என்று குறித்த பாஸ்வேர்டுகள் மறைத்து எழுதியவை போலத் தெரிந்தாலும் ஒரு நொடியில் திருப்பிப் படித்துவிடலாம். இது எங்கோ அபூர்வமாக நடப்பதும் இல்லை. 2023இல் ஈசெட் நிறுவன ஆய்வாளர்கள் 18 பழைய ரவுட்டர்களை வாங்கி ஆராய்ந்தார்கள். வேலை செய்தவற்றில் பாதிக்கு மேல் முந்தைய நிறுவனங்களின் ரகசியத் தகவல்கள் அப்படியே இருந்தன.

எந்த நிறுவனம் என்று ஹோஸ்ட்நேமிலேயே தெரிந்துவிட்டால் அவர்களுக்கு ஒரு தகவல் சொல்லிவிட்டு அழித்துவிடுங்கள். நகல் எடுக்க வேண்டாம், வேறு யாருக்கும் காட்ட வேண்டாம்.

வீட்டு நெட்வொர்க்கில் மாட்டும் முன் செய்தே ஆக வேண்டியது?

ஸ்மார்ட் இன்ஸ்டாலை அணையுங்கள். ஆளில்லாமலே புது ஸ்விட்ச்சுக்குக் கன்ஃபிக் அனுப்புவதற்காக வந்த வசதி இது. 4786 என்ற போர்ட்டில், பாஸ்வேர்ட் எதுவும் கேட்காமல் காத்திருக்கும். கன்ஃபிக் அழிந்த பெட்டியில் இது தானாகவே திறந்திருக்கும் என்பதுதான் கவலை. 2018 ஏப்ரலில் இந்த வழியாகப் புகுந்து ஸ்விட்ச்சுகளின் கன்ஃபிக்கைத் துடைத்து, அமெரிக்கக் கொடியை எழுத்துகளால் வரைந்து, "எங்கள் தேர்தல்களில் கை வைக்காதே" என்ற செய்தியை விட்டுப்போனார்கள். உலகம் முழுக்கச் சுமார் 2 லட்சம் கருவிகளும், தங்கள் நாட்டில் 3,500ம் பாதிக்கப்பட்டதாக ஈரானின் தகவல் தொடர்பு அமைச்சகம் சொன்னது. "நோ விஸ்டாக்" என்ற ஒரு வரி போதும். பழைய பதிப்பில் அந்தக் கட்டளை இல்லாவிட்டால் அக்சஸ் லிஸ்ட் (எதை விடுவது, எதைத் தடுப்பது என்ற பட்டியல்) எழுதி 4786ஐத் தடுத்துவிடுங்கள்.

அப்புறம் டெல்நெட்டை மூடி எஸ்எஸ்எச்சைத் திறப்பது. இரண்டும் நெட்வொர்க் வழியாகப் பெட்டிக்குள் நுழையும் வழிகள், எஸ்எஸ்எச்சில் மட்டும்தான் பேச்சு மறைக்கப்பட்டுப் போகும். ஹோஸ்ட்நேம், டொமைன் பெயர் இரண்டையும் கொடுத்த பிறகுதான் அதற்குத் தேவையான ஆர்எஸ்ஏ சாவி உருவாகும். 2048 அளவு வையுங்கள். கோப்புப் பெயரில் கே9 இல்லாத ஐஓஎஸ்ஸில் எஸ்எஸ்எச் கிடையாது.

சாவி உருவாக்கியும் புது லேப்டாப்பிலிருந்து எஸ்எஸ்எச் நுழைய மறுக்கிறது.

மறுப்பது உங்கள் லேப்டாப், ஸ்விட்ச் அல்ல. பழைய ஐஓஎஸ் பேசும் சாவி மாற்று முறைகளை லேப்டாப்பில் இருக்கும் புதிய ஓபன்எஸ்எஸ்எச் மென்பொருள் பலவீனமானவை என்று ஒதுக்கிவிட்டது. எஸ்எச்ஏ1 கையெழுத்துள்ள பழைய ஆர்எஸ்ஏ முறையை 2021இல் வந்த 8.8ஆம் பதிப்பிலிருந்து தானாக ஏற்பதில்லை. லேப்டாப்பின் எஸ்எஸ்எச் கன்ஃபிக் கோப்பில், அந்த ஸ்விட்ச்சின் முகவரிக்கு மட்டும் பழைய முறைகளை அனுமதித்து எழுதுங்கள். எல்லா முகவரிக்கும் திறந்துவிடாதீர்கள்.

சிஸ்கோ இல்லை, வேறு கம்பெனி. அதற்கு?

எச்பி புரோகர்வ், அரூபா 2530 ஆகியவற்றின் முன்பக்கம் ரீசெட், கிளியர் என்று இரண்டு குழிப் பட்டன்கள் இருக்கும். இரண்டையும் அழுத்தி, கிளியரை விடாமல் ரீசெட்டை மட்டும் விட்டு, செல்ஃப் டெஸ்ட் லைட் மின்னியதும் கிளியரை விட்டால் ஆரம்ப நிலை. மைக்ரோடிக் என்றால் 192.168.88.1, பயனர் அட்மின். பழையவற்றில் பாஸ்வேர்ட் காலி, புதியவற்றில் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். ஐபியே இல்லாவிட்டாலும் மைக்ரோடிக்கின் வின்பாக்ஸ் மென்பொருள் மேக் முகவரியைப் பிடித்து உள்ளே போகும். யூனிஃபை அக்சஸ் பாயின்ட்டை ஊசியால் பத்து நொடி அழுத்துங்கள், டிஎச்சிபி (தானாக ஐபி முகவரி கொடுக்கும் ஏற்பாடு) இல்லாத இடத்தில் 192.168.1.20இல் வந்து நிற்கும்.

டிபி-லிங்க் ஆர்ச்சர் சி7 இரண்டாம் பதிப்பு மாதிரி சில வீட்டு ரவுட்டர்கள், ஃபர்ம்வேர் கெட்டுப்போனால் தாமாகவே உதவி தேடும். லேப்டாப்புக்கு 192.168.0.66 என்று முகவரி வைத்து, டிஎஃப்டிபி (எளிய கோப்பு அனுப்பும் முறை) சர்வரில் அது எதிர்பார்க்கும் பெயரில் கோப்பை வைத்துவிட்டு, ரீசெட்டை அழுத்தியபடி ஆன் செய்தால் தானே எடுத்துக்கொள்ளும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

எதை வாங்கவே கூடாது?

சிஸ்கோவின் மெராகி வகை. பெட்டி நல்ல பெட்டிதான். ஆனால் அது சிஸ்கோவின் கிளவுடில் முந்தைய நிறுவனத்தின் கணக்கில் பதிவாகியிருக்கும். அவர்கள் அங்கிருந்து விடுவிக்காதவரை உங்கள் கணக்கில் சேர்க்க முடியாது, ரீசெட் செய்தாலும் பயனில்லை. விடுவித்தாலும் உரிமத்துக்குத் தனிக் காசு. சீரியல் எண்ணை வாங்கி, உங்கள் கணக்கில் சேர்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

போலி 2960-எக்ஸ் பற்றியும் கவனம் வேண்டும். 2020இல் எஃப்-செக்யூர் ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட போலிகளைப் பிரித்துப் பார்த்து அறிக்கை வெளியிட்டார்கள். வருஷக்கணக்கில் ஒழுங்காக ஓடியவை, மென்பொருளைப் புதுப்பித்ததும் நின்றுபோனதால்தான் குட்டு உடைந்தது. பெட்டியின் மேல் ஒட்டிய சீரியல் எண்ணும் "ஷோ வெர்ஷன்" காட்டும் சீரியல் எண்ணும் பொருந்தாவிட்டால் வைத்துவிட்டு வாருங்கள்.

கடையிலேயே ஆன் செய்து பாருங்கள். சிஸ்ட் லைட் ஆரஞ்சிலேயே நின்றால் உள்சோதனை தோற்றிருக்கிறது, எந்தக் கட்டளையாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

வீட்டில் இரவு பகலாக ஓட்டினால் கரண்ட் பில்?

24 போர்ட் 2960, பிஓஇ (நெட்வொர்க் கேபிள் வழியாகவே கரண்ட் கொடுக்கும் வசதி) இல்லாத வகை, சுமார் 30 வாட் எடுக்கும். மாதத்துக்கு இருபத்திரண்டு யூனிட் போல வரும். ஃபேன் சத்தம்தான் பில்லைவிடப் பெரிய பிரச்சினை, படுக்கையறையில் வைக்காதீர்கள்.

படித்து முடித்துவிட்டேன், அடுத்தவருக்குக் கொடுக்கப்போகிறேன். எப்படிச் சுத்தம் செய்வது?

முதலில் உங்கள் பாஸ்வேர்டுகளை வேறு எதற்காவது பயன்படுத்தியிருந்தால் அங்கே மாற்றிவிடுங்கள். ஃபிளாஷில் நீக்கிய கோப்பின் தடம் சில காலம் மிச்சமிருக்கும். பிறகு எஸ்எஸ்எச் சாவியை "கிரிப்டோ கீ ஜீரோயைஸ்" போட்டு அழியுங்கள். "ரைட் இரேஸ்" அடியுங்கள், வீலான்.டேட்டை நீக்குங்கள். "டிர் ஃபிளாஷ்:" அடித்து, பேக்கப் என்றோ ஓல்ட் என்றோ நீங்களே எப்போதோ சேமித்த கன்ஃபிக் நகல்கள் கிடக்கின்றனவா என்று வரி வரியாகப் பாருங்கள். ஐஓஎஸ் கோப்பைத் தொடாதீர்கள்.

கடைசியாக "ரீலோட்". இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். அமைப்பு மாறியிருக்கிறது, சேமிக்கவா என்று பெட்டி கேட்கும். பழக்கதோஷத்தில் யெஸ் சொன்னால் நினைவகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கன்ஃபிக் முழுசாகத் திரும்ப எழுதப்பட்டுவிடும். நோ சொல்லுங்கள். மறுபடி எழுந்து, இனிஷியல் கன்ஃபிகரேஷன் டயலாக் வேண்டுமா என்று கேட்கும் அந்த வரியைக் கண்ணால் பார்த்த பிறகு பவர் கேபிளைப் பிடுங்குங்கள். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் ஐபி முகவரி ஸ்டிக்கரையும் உரித்துவிடுங்கள். கன்சோல் கேபிள் உபரியாக இருந்தால் அதையும் கூடவே வைத்துக் கொடுங்கள்.